டயர் ஓரத்து முடி

“அந்தக் கறுப்பு வண்டி டயரப் பாத்தீங்களா சார்? ஓரத்துல முடிகூட உதிரல.”

இந்த ஒரு வரிதான் அக்கா. இது என் காதில் விழாமல் இருந்திருந்தால் இந்த டயர் இப்போது உங்கள் முழங்காலை இடித்துக்கொண்டிருக்காது. இருங்கள், இப்படி நகர்த்திக்கொள்கிறேன். இப்போது பரவாயில்லையா? சேலையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்பு லேசில் போகாது.

நீங்களும் அன்னூர்தானே? நாங்களும் அங்கேதான் இறங்குகிறோம். நாங்கள் என்றால், அதோ, மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் இன்னொரு டயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் எங்கள் அப்பா. நாங்கள் ஏறும்போதே கண்டக்டர், “ஏம்மா, இது பஸ்ஸா, பஞ்சர் கடையா?” என்று கேட்டார். அப்பா இரண்டு டயருக்கும் லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்திலிருந்து என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன். மற்றபடி நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்தேன், ஒரு நாள்கூட வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? கவனித்தால் போதும். எல்லாமே கண்ணெதிரில்தான் இருக்கிறது. ஜனங்கள் வாயைத் திறக்கிற நேரத்துக்குக் கண்ணைத் திறந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

என் வேலையும் அப்படித்தான். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் தரக் கட்டுப்பாடு. ஒரு நாளைக்கு முந்நூறு வாஷர் என் கை வழியாகப் போகும். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு என்றால் தூக்கிப் போட்டுவிடுவேன். அங்கே என் பெயர் சுகிர்தா இல்லை. ‘ரிஜெக்ட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால். அதையும் கவனித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கே விட்டேன்? முடி.

புது டயரைப் பார்த்திருக்கிறீர்களா? மேலெல்லாம் மெல்லிசாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து வரும்போதே அப்படித்தான் வரும். ரோட்டில் ஓட ஓட உதிர்ந்துவிடும். ஆனால் வண்டியைத் திருப்பத்தில் நன்றாகச் சாய்த்தால்தான் டயரின் ஓரம் தரையைத் தொடும். சாய்க்காவிட்டால் அந்த ஓரத்து முடி அப்படியே இருக்கும். ஆக, ஒருத்தி எவ்வளவு சாய்க்கிறாள் என்று அவளைக் கேட்க வேண்டாம், அவள் டயரைப் பார்த்தால் போதும். ஜாதகம் மாதிரி.

நான் பைக் ஓட்டுகிறேன் அக்கா. ரோட்டில் இல்லை, ரோட்டில் ஸ்கூட்டர்தான். பைக் டிராக்கில் மட்டும். ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. வண்டியும் அங்கே ஷெட்டில்தான் நிற்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பணம் கட்டினால் என்னை மாதிரி சாதாரண ஆட்களும் அவரவர் வண்டியை அங்கே ஓட்டலாம். ரேஸ் இல்லை, கோப்பை இல்லை. இருபது நிமிஷம் ஓட்டு, நாற்பது நிமிஷம் நிழலில் உட்காரு, மறுபடி ஓட்டு. பெனடிக்ட் சார் என்று ஒருவர் சொல்லித் தருகிறார். அந்தக் காலத்தில் ரேஸ் ஓட்டியவர், இப்போது இரண்டு முட்டியிலும் உலோகம். புதிதாக வருகிறவர்களுக்குக் கையில் மஞ்சள் பட்டை கட்டுவார். நன்றாக ஓட்ட ஆரம்பித்தால் நீலப் பட்டை. மஞ்சள்காரர்கள் தனியாக ஓட வேண்டும், நீலக்காரர்கள் தனியாக.

நான் போன சீசன் முழுக்க மஞ்சள். இந்த சீசனிலும் மஞ்சள்.

அப்பாவுக்கு இதெல்லாம் ஒன்றும் புரியாது. அன்னூரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் உலகத்தில் எல்லாமே பாஸ், ஃபெயில்தான். பட்டை விஷயத்தை ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “ஓ, பரிச்சையா?” என்றார். முகம் தெளிந்துவிட்டது. அதுவரைக்கும் நான் என்ன செய்கிறேன் என்றே அவருக்குத் தெரியாமல் இருந்தது. “அப்படின்னா ஒண்ணு பண்ணலாங்கண்ணு. இந்த சீசன் முடியறதுக்குள்ள நீலம் வாங்கிரு. வாங்கிட்டா வண்டி இருக்கட்டும். இல்லீன்னா வித்துரலாம். பாஸாகாத பரிச்சைக்கு எத்தன நாளைக்குப் பீசு கட்டறது?” என்றார். நான் சரி என்றேன். எதிர்த்துப் பேசுகிற பழக்கம் கிடையாது. சொன்னபடியே புளியம்பட்டியில் மருந்துக் கடை வைத்திருக்கும் தங்கராசு என்பவரிடம் பேசியும் வைத்துவிட்டார். அவர் நாளைக்குக் காலை பத்து மணிக்கு வண்டியைப் பார்க்க வருகிறார். இன்றைக்குத்தான் சீசனின் கடைசி ஞாயிறு.

இப்போது புரிகிறதா, நான் ஏன் டயர் டயர் என்று உயிரை விடுகிறேன் என்று?

ஏனென்றால் குறை என்னிடம் இல்லை. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். வண்டி நல்ல வண்டி. ஹெல்மெட் நல்ல ஹெல்மெட். மிச்சம் டயர்தான். வண்டியோடு வந்த பழைய டயரில்தான் முதல் சீசன் ஓட்டினேன். அதனால்தான் மஞ்சள் என்று முடிவு செய்தேன். போனஸ் பணத்தில் பன்னிரண்டாயிரம் ஒதுக்கினேன். அதற்குள் இரண்டு டயர். வெளிநாட்டு மென்ரப்பர் டயர் என்று ஒன்று இருக்கிறது, ஒட்டிக்கொண்டு போகும், ஆனால் அந்தக் காசுக்கு ஒன்றுதான் வரும். பின்னாடி மட்டும் ஒட்டி, முன்னாடி வழுக்கினால் என்ன பிரயோசனம்? உள்ளூர் டயர் உழைக்கும், ஆனால் ரப்பர் கெட்டி.

நான் பதினாலு டயரை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டேன். விலை, அகலம், தயாரித்த வாரம் எல்லாம். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பழைய டயரைப் புதுசு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். கம்பெனியில் ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று இருக்கிறது, கீழே ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சனிக்கிழமைதோறும் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போனேன். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போது டயரில் ஒரு அழுத்து, எண்ணைப் பார், அடுத்த கடை. யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாலு மாதம் ஆயிற்று.

நாலு மாதம் என்றால் சீசனில் பாதி போய்விட்டது. அதை நேரம் வீணானது என்று சொல்ல முடியாது. சரியான டயர் இல்லாமல் ஓட்டுவதுதான் நேரம் வீண். ஆகவே அந்த நாலு ஞாயிறும் நான் டிராக்குக்குப் போய் உட்கார்ந்து மற்றவர்கள் டயரைக் கவனித்தேன்.

கடைசியில் புதுசாக இரண்டு வாங்கி மாட்டினேன். அட்டவணையில் முதல் இடம் வந்த டயர். இரண்டு ஞாயிறு ஓட்டினேன். மஞ்சள்தான். இரண்டாவது ஞாயிறு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வரி காதில் விழுந்தது. கறுப்பு வண்டி என்னுடையது. சொன்னது ஹெலன் டீச்சர். கேட்டுக்கொண்டிருந்தது பெனடிக்ட் சார்.

ஹெலன் டீச்சர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஐம்பத்து மூன்று வயது. நூற்றைம்பது சிசி பழைய வண்டி ஒன்று வைத்திருக்கிறார், அதில்தான் ஸ்கூலுக்குப் போகிறார், அதிலேதான் டிராக்கிலும் ஓட்டுகிறார். அவர் டயர், கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரண டயர். என் அட்டவணையில் அது பதிமூன்றாவது. நீலப் பட்டை. எப்படி என்றுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சீனியாரிட்டி என்று நினைக்கிறேன்.

“ஓரத்துல முடிகூட உதிரல. பாவம் புள்ள, யாராச்சும் கூடப் போனாத் தேவல,” என்றார்.

பாவமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நான் தொட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன். ஆனால் அப்போதும் மூளை வேலை செய்தது. முடி உதிரவில்லை என்றால் என்ன அர்த்தம்? ரப்பர் கெட்டி என்று அர்த்தம். என் மீட்டர் ஏமாற்றிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை உக்கடத்துக்குப் போனேன். அங்கே நாசர் பாய் என்று ஒருத்தர் குடோன் வைத்திருக்கிறார். ரேஸ் டீம்காரர்கள் ஒரே ஒரு ரேஸ் ஓட்டிவிட்டுக் கழற்றிப் போடுகிற டயரை வாங்கி விற்கிறார். மென்ரப்பர், பாதிக்குப் பாதி விலை. நான் பேசாமல் ஒவ்வொன்றாக மீட்டரை அழுத்திப் பார்த்தேன். “என்னம்மா, டயருக்கு ஊசி போட வந்தியா? காய்ச்சலா அதுக்கு?” என்றார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் சரக்கு முழுக்கக் கோளாறு. எதை எடுத்தாலும் வலது ஓரம் தேய்ந்திருக்கிறது, இடது ஓரம் அப்படியே இருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, எல்லாமே. நான் விரலால் தடவிக் காட்டினேன்.

“ஓடின டயர் அப்படித்தான்மா இருக்கும். அந்த டிராக்கே வலப்பக்கம் வளைஞ்சு வளைஞ்சு போறது. வலது ஓரம் தேயாம இடது ஓரமா தேயும்?” என்றார்.

வியாபாரிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும் அக்கா. வாஷர் சப்ளை செய்கிறவர்களும் இப்படித்தான், கோணலாக வந்ததைக் கொண்டுவந்து, “மேடம், இது இப்படித்தான் வரும்” என்பார்கள். நான் எல்லா டயரையும் ரிஜெக்ட் செய்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் வேறு வழி? என் டயரையே சரி செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இதில் தப்பு ஒன்றுமில்லை. புது டயரின் மேல் தோல் வழவழப்பாக இருக்கும், அதைக் கொஞ்சம் சொரசொரப்பாக்குவது நல்லது என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, போன வாரம் முழுக்க சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முடி எல்லாம் போயிற்று. அத்தோடு விட்டிருந்தால் செயற்கையாக இருந்திருக்கும். அதனால் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, “தோசைக்கல்லு தேய்க்கற மாதிரி இருக்குது,” என்றார். பரீட்சைக்குத் தயார் செய்கிறேன் என்றேன். நல்லா படி என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

நாசர் பாய் டயர் மாதிரி ஒரு பக்கம் மட்டும் இல்லை. வலது ஓரம் எவ்வளவோ, இடது ஓரமும் அவ்வளவு. வெர்னியர் அளவுகோல் வைத்து எட்டு இடத்தில் அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பாருங்கள், தடவிப் பாருங்கள். இந்தப் பக்கம். இப்போது இந்தப் பக்கம். தெரிகிறதா வித்தியாசம்? தெரியாது.

இன்றைக்குக் காலையில் அதை மாட்டிக்கொண்டு நின்றேன். ஓட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் பெனடிக்ட் சார் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டு வருவார். பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார், செயினை ஆட்டிப் பார்ப்பார். டயரை ஒரு பார்வை, அவ்வளவுதான். என் வண்டிக்கு முன்னால் வந்து குனிந்தவர், நிமிரவே இல்லை. வலது பக்கம் பார்த்தார். சுற்றி வந்து இடது பக்கம் பார்த்தார். மறுபடி வலது பக்கம். அந்த முட்டியை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து பார்த்தார் அக்கா. இத்தனை நாளில் யார் டயரையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

“ஏம்மா, நம்ம டிராக்குல வலது திருப்பம் எத்தனை?”

“எட்டு சார்.”

“இடது?”

“ரெண்டு சார்.”

டக் டக்கென்று சொன்னேன். டிராக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று சோதித்தார் போலிருக்கிறது. இரண்டு கேள்வி, இரண்டும் சரி. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் ஹெலன் டீச்சரைக் கூப்பிட்டார்.

டீச்சர் வந்து இடது ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். “நல்லா உழைச்சிருக்கே கண்ணு. எத்தனாம் நம்பர் தாள்?”

“எண்பது டீச்சர்.”

பாருங்கள், டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவரும் வீட்டில் தேய்க்கிறார் என்றுதானே அர்த்தம்? எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவர் டயரைக் குனிந்து பார்த்தேன். வலது ஓரம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, இடது ஓரம் லேசாகத்தான். வயதாகிவிட்டது, இரண்டு பக்கமும் தேய்க்கக் கை வலிக்கும். நான் அதை வெளியில் சொல்லவில்லை.

பெனடிக்ட் சார், “இந்த டயரோட உன்ன உள்ள விட மாட்டேன். எவ்வளவு ரப்பர் போயிருக்குன்னு உனக்கே தெரியாது. ஷெட்டுல உன் பழைய டயர் கிடக்குது, அத மாட்டு. இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு,” என்றார்.

எனக்குத் தெரியும் சார், இரண்டு மில்லிமீட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இவ்வளவு பார்த்துத் தயார் செய்த டயரை ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் எதற்கு வீணடிக்க வேண்டும்? ஆனால் அக்கா, நீலப் பட்டைக்கு அந்தப் பழைய டயரோடு போக வேண்டும் என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அது என் அட்டவணையிலேயே இல்லை.

மாட்டி முடிக்கும்போது பன்னிரண்டு மணி. வேலிக்கு வெளியே பார்த்தால் அப்பா. ரிசல்ட் பார்க்க வந்துவிட்டார். கையில் மஞ்சப்பை, பையில் எலுமிச்சை சாதம். அந்த வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கு முன்னால் அவர் டிராக்குக்கு வந்ததே கிடையாது.

சாப்பிட்டுவிட்டு மஞ்சள்காரர்கள் வரிசையில் நின்றேன். அப்போதுதான் அந்தச் சங்கடம் நடந்தது. ஹெலன் டீச்சர் கையிலிருந்த நீலப் பட்டையை அவிழ்த்தார், மேசையிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினார். இறக்கிவிட்டார்கள் அக்கா! அந்த வயதில்! எனக்குத் தாங்கவில்லை. என்னவென்று கேட்டால் இன்னும் புண்படுவார். கேட்காமலே இருந்துவிட்டேன். அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “நான் எங்க போறனோ அங்கயே வா. என் முதுகப் பாரு, தரையப் பாக்காத,” என்றார்.

உள்ளே போனதும் இடது கையால் தன் இடுப்புக்குப் பின்னால் இரண்டு தட்டு தட்டினார். பின்னால் வா என்று அர்த்தம். போனேன். அவர் சாய்ந்தால் சாய்ந்தேன், நிமிர்ந்தால் நிமிர்ந்தேன். டீச்சருக்கு மனசு சரியில்லை என்று நினைக்கிறேன், மெதுவாகத்தான் ஓட்டினார். இல்லாவிட்டால் என்னால் எப்படி அவ்வளவு ஒட்டிக்கொண்டு போக முடியும்? நாலாவது திருப்பத்தில் என் பூட்ஸ் தரையில் உரசியது. அப்படி உரசினதே இல்லை. பழைய டயர் உயரம் குறைவு, அதனால் இருக்கும்.

வெளியே வந்ததும் பெனடிக்ட் சார் ஸ்டாப் வாட்சை நீட்டினார். ஒரு சுற்றுக்கு என் வழக்கமான நேரத்தைவிட ஒன்பது வினாடி குறைவு. கருவி பழுது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்பது வினாடி எல்லாம் ஒரே நாளில் குறையாது. அந்த வாட்சைச் சரிபார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. சொல்லலாமா என்று யோசித்தேன். பெரியவரை எதற்குச் சங்கடப்படுத்துவது?

அப்பா வேலியைச் சுற்றி உள்ளே வந்துவிட்டார். கும்பிட்டார். “பாஸுங்களா?”

“இல்லீங்க. மஞ்சள்தான்,” என்றார் பெனடிக்ட் சார். “நீலத்துக்கு இன்னும் இருக்குது. ஆனா இன்னைக்குத்தான் உங்க பொண்ணு வண்டி ஓட்டினா. இதுக்கு முன்னால டயர ஓட்டிட்டு இருந்தா.”

எனக்கு அது என்னவென்று புரியவில்லை. அப்பாவுக்கும் புரிந்திருக்காது. “இதுல அரியர் உண்டுங்களா? மறுபடி எழுதலாமுங்களா?” என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டார் அக்கா. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

“எத்தன தடவ வேணும்னாலும் எழுதலாமுங்க.”

“ஓ,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். அந்த ‘ஓ’வுக்கு அப்புறம் பேச்சே இல்லை. வண்டியை ஷெட்டில் விட்டோம், ஆளுக்கொரு டயரைத் தூக்கிக்கொண்டோம், பஸ் பிடித்தோம். நாளைக்குப் பத்து மணிக்குத் தங்கராசு அன்னூர் வந்துவிடுவார், அங்கிருந்து அப்பா அவரை ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார், சாவியை நான்தான் கொடுக்க வேண்டும். டீச்சர் வேறு கிளம்பும்போது என் தோளைத் தட்டி, “ஜூன்ல சீசன் ஆரம்பிச்சதும் வருவேதானே?” என்றார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்கிறீர்களா? கேட்கலாம். கேட்டு, விற்கத்தான் போகிறேன் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால்? அதைவிட இங்கே உட்கார்ந்து அவர் முதுகைக் கவனிப்பது மேல். அரை மணி நேரமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

இருங்கள் அக்கா. யாருக்கோ போன் போடுகிறார். பஸ் இரைச்சலில் கத்தித்தான் பேசுவார், இங்கேயே கேட்கும்.

“தங்கராசுங்களா? நான் நோட்டுக் கடை... ஆமாங்க. நாளைக்கு வர வேண்டாமுங்க. இல்லீங்க, வெல பிரச்சினையெல்லாம் இல்லீங்க. டயரு ரெண்டும் தேஞ்சு போயிருக்குதுங்க, கையில வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். இந்த நெலமையில வண்டிய உங்க தலையில கட்டக் கூடாதுங்க... வேற டயரா? அது பாத்துத்தானுங்க வாங்கோணும். எத்தன மாசம் ஆகும்னு சொல்ல முடியாதுங்க. நீங்க வேற வண்டி பாத்துக்குங்க.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மடியிலிருந்த டயரை நிமிர்த்தி, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.